ஒரே வார்த்தையில் வாங்கிய பதில்

8 ஜூலை 2025, செவ்வாய் – திண்டிவனம்

அக்காவின் கழுத்துக் கட்டி கேன்சர் இல்லை. ஆதாரம்: ஊசி சோதனை செய்த டாக்டர் கலைப்பிரியா. இன்று காலை நேரில் சொன்னார், அறிக்கையிலும் கையெழுத்திட்டார்.

பதில் தானாக வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்து முடிவு எழுதுகிற டாக்டர் இவர். சின்னப் பெண். உள்ளே நுழையும்போதே, வழக்கம்போல, நான் எந்தப் பத்திரிகையின் நிருபர் என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஆரம்பித்தார்: "பெரும்பாலும் சாதாரணக் கட்டி மாதிரிதான் சார் இருக்கு. ஆனா சில செல்லு மட்டும்…"

"ஆனா எல்லாம் வேணாம் டாக்டர். கேன்சரா, இல்லையா? ஒரே வார்த்தை."

"அப்படிச் சொல்ல முடியாது சார். மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்தா…"

நான் பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாசில்தாரிடமும் எம்.எல்.ஏ.விடமும் இதைத்தான் செய்வேன். மௌனம் தாங்காமல் எதிரில் இருப்பவர் இளகிவிடுவார். பிறகு அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டேன்.

"இல்ல சார்" என்றார். "ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "அந்தப் பொண்ணு இன்னாடா சொல்ல வந்துச்சு? நீ பேசவே வுடலியே."

"இல்லைன்னு சொல்லிட்டாங்கக்கா. அதான் முக்கியம்."

நழுவப் பார்த்தவரிடமிருந்து நேரான பதில் வாங்கியாயிற்று. நிம்மதி.

9 ஜூலை, புதன்

அக்கா காலை பஸ்ஸில் தன் ஊர் அனந்தபுரத்துக்குப் போய்விட்டாள். மல்லாட்டை (வேர்க்கடலை) விதைக்க ஆட்கள் வந்து காத்திருக்கிறார்களாம்.

14 செப்டம்பர், ஞாயிறு

அக்கா போனில் பேசினாள். தொண்டை கட்டியிருக்கிறது. கொல்லையில் ஆட்களைக் கூப்பிட்டால் யாருக்கும் காதில் விழுவதில்லையாம். "இன்னொருக்கா அந்தப் பொண்ணுகிட்ட காட்டிக்கினு வந்துடலாமா பாண்டு?"

"அவங்கதான் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்களேக்கா. சளியா இருக்கும். ஆவி பிடி."

"நீ படிச்சவன். சரி" என்றாள்.

ஆறு மாதம் ஜனவரியில்தான் முடிகிறது. அப்போது காட்டினால் போதும்.

6 நவம்பர், வியாழன்

சென்னை அலுவலகத்திலிருந்து ஆசிரியர் போன். ஞாயிறு இதழுக்குக் கட்டுரை வேண்டுமாம். டாக்டருடைய சுபாவம் கேன்சர் சோதனையின் முடிவை மாற்றுமா? பயந்தவரும் துணிச்சல்காரரும் ஒரே செல்லை ஒரே மாதிரிதான் படிக்கிறார்களா? வெளிநாட்டில் ஆராய்கிறார்களாம். "நம்ம பக்கத்து டாக்டர் ரெண்டு பேர் பேசினா போதும் சார்" என்றார்.

நல்ல பொருள். விழுப்புரத்தில் டாக்டர் தேவநாதனைப் பிடிக்க வேண்டும். கலைப்பிரியா செய்கிற அதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவர். மனம் விட்டுப் பேசுவார்.

8 நவம்பர், சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தேவநாதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. டீ கொடுத்தார். பதற்றக்காரர் எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று எழுதுவார், நோயாளி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார் என்றார். தைரியசாலி சந்தேகம் என்ற வார்த்தையையே எழுதமாட்டார். "நான் ரெண்டாவது ரகம். தப்பும் பண்ணியிருக்கேன். அதைப் போட்டுடாதீங்க" என்று சிரித்தார். "மூணாவதா ஒண்ணு இருக்கு. ரொம்ப நல்ல மனுஷங்க. யாரையும் எதிர்த்துப் பேச வராது. எதிர்ல உக்காந்துக்கினு இருக்கிறவர் மூஞ்சி சுருங்கினா இவங்களுக்குத் தாங்காது. அந்த ஆபத்துதான் வெளியே தெரியவே தெரியாது."

குறித்துக்கொண்டேன். பிறகு நானாகவேதான் சொன்னேன், பெருமையாக. திண்டிவனத்தில் ஒரு பெண் டாக்டர், முதலில் இழுத்தார், நான் விடவில்லை, கடைசியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் என்று.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. கழுத்துல கட்டி."

"முதல்ல என்ன சொல்ல வந்தாங்க?"

"சில செல்லு மட்டும்னு… மறுபடி எடுக்கணும்னு…"

"அக்கா குரல் எப்படியிருக்கு? கெட்ட கட்டின்னா குரல் நரம்பைப் பிடிக்கும்."

தொண்டை கட்டிக் குரலே எழும்பவில்லை என்றேன்.

"ஏன் பாண்டுரங்கன், அக்காவைக் காட்டப் போனீங்களா, பேட்டி எடுக்கப் போனீங்களா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு: "ஜல்தி கூட்டிக்கினு போங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா இத்தனை மாசம் தெரியாமலே இருந்துட்டோமே."

'இருந்துட்டோம்' என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். அந்த மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆவி பிடி என்றேனே. அவளே வருகிறேன் என்றாளே. எந்த வாயால சொன்னேன்?

9 நவம்பர், ஞாயிறு

அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

10 நவம்பர், திங்கள்

கலைப்பிரியாவைப் பார்த்தேன். இன்றும் எழுந்து நின்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "கெங்கம்மாள் அம்மா எப்படியிருக்காங்க சார்?" என்று கேட்டார். அக்காவின் பெயரை நினைவு வைத்திருக்கிறார்.

குரல் மாறியிருப்பதைச் சொன்னேன். உட்கார்ந்தார். "மறுபடி எடுக்கணும்னுதான் டைப் பண்ணியிருந்தேன் சார். அழிச்சிட்டு மாத்தினேன். கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது."

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். 'தப்பும் என்னுது' என்று அந்தப் பெண் சொன்னதும் எனக்குள் ஏதோ இலேசாயிற்று. இந்த ஒரு வாக்கியம் போதுமே, பணிந்துபோகிற டாக்டர், தவறிப்போன சோதனை, கட்டுரை முடிந்தது, அதில் என் பெயர் எங்கேயும் வராது என்று மனம் ஓடியது. தலைப்புகூட வந்துவிட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

சீ.

12 நவம்பர், புதன் – அனந்தபுரம்

மழை விட்டு வெயில் காய்ந்தது. அக்கா களத்தில் மல்லாட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எதையும் விடாமல் சொன்னேன். கை வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணு தெரியலைன்னுதான் சொல்ல வந்துச்சா?"

"ஆமாக்கா."

"நீதான் இல்லைன்னு சொல்ல வெச்சியா?"

"ஆமா."

"என் கழுத்துக்கு நீ எதுக்குடா பதில் வாங்கின?"

கத்தியிருந்தால் தேவலை. கத்த அவளிடம் குரல் இல்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கிட்டத்தில் வந்து நின்று சொன்னாள். "தெரியலைன்னு தெரிஞ்சிருந்தாலே நானா போயிருப்பேன். நீ சொல்லிட்டேன்னுதான் குந்திக்கினு இருந்தேன்."

விழுப்புரத்தில் பெரிய டாக்டர் ஒருவரைத் தெரியும், அவரிடமே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "உன் ஏற்பாடு போதும்பா. அந்தப் பொண்ணுகிட்டயே போறேன். அதுக்கு நான் இன்னா சொல்லணுமோ சொல்லிக்கிறேன்."

கிளம்பும்போது தடுத்தாள். "களி இருக்குது, துன்னுட்டுப் போ. இந்த மூஞ்சிய வெச்சிக்கினு பஸ் ஏறினா எழவு வூட்டுக்குப் போறான்னு கண்டக்டர் எழுந்து இடம் குடுப்பான்."

சாப்பிட்டேன்.

14 நவம்பர், வெள்ளி

கட்டுரையில் டாக்டரின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்து கேட்டது யார் என்பதை எடுக்கவில்லை. ஆசிரியர் கூப்பிட்டார்: "டாக்டருங்களைப் பத்திக் கேட்டா உங்களைப் பத்தி எழுதியிருக்கீங்களே சார்?" போடுவாரா என்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

19 நவம்பர், புதன் – திண்டிவனம்

அக்காவோடு போனேன். அறை வாசலில் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். "நீ இங்கியே குந்து. பேஜாரு பண்ணாத."

குந்தினேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. சோதனை முடிந்த பிறகு கலைப்பிரியாவின் குரல் கேட்டது. "இப்ப எனக்குத் தெரியலைம்மா. கேன்சரா இருந்தாலும் இருக்கலாம். இன்னொரு டாக்டரும் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

தடுமாறாமல் சொன்னார்.

"சரிம்மா" என்றாள் அக்கா. "தெரிஞ்சப்புறம் எனக்கு போன் பண்ணு. என் நம்பர எழுதிக்க. என் தம்பி நம்பரு வேணாம், அது கேள்வியா கேட்டு உன் உசுர எடுத்துடும்."

அந்தப் பெண் சிரித்தது கேட்டது. அக்காவும் சிரித்தாள், வெறும் காற்றாக.

கழுத்தில் சின்னப் பிளாஸ்திரியோடு வந்தாள். பையைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நிலையம் வரை அவள்தான் பேசினாள், மல்லாட்டை விலை பற்றி.

நிலுவையில் இருப்பது: கேன்சரா என்பது. இரண்டு டாக்டர்களும் பார்த்துவிட்டு, வரும் செவ்வாய்க்கிழமை சொல்வார்கள், அக்காவிடம். அவள் என்னிடம் எப்போது சொல்வாள் என்று தெரியவில்லை.