ஆறு புள்ளி ஒன்பது

கண்ணு,

உன் போன் ஆஃபிலேயே இருக்கிறது. ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி பஸ்ஸில் உன்னைப் பார்த்ததாக உன் சிநேகிதி பிரமிளா சொன்னாள். அதனால் இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ரிசல்ட் வந்த அன்று போனில் உன் நைனா சொன்னதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் பள்ளிப்பட்டில் பத்தாவது வரை படித்தவர். ஐந்நூறுக்கு இவ்வளவு என்றால்தான் அவருக்கு மார்க். திருப்பதி காலேஜில் உனக்கு 6.9 என்றதும், நூற்றுக்கு ஏழுகூட இல்லை என்று நினைத்துவிட்டார். நீ "சரி நைனா" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் ஹாஸ்டலிலும் இல்லை, வீட்டுக்கும் வரவில்லை.

மறுவாரம் பிரமிளாதான் விளக்கினாள்.

"பத்துக்குத்தான் மாமா பாயிண்ட் போடுவாங்க. இது ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அவர் தட்டில் போட்ட சோற்றை விட்டுவிட்டு எழுந்து போனார்.

இப்போதெல்லாம் நம் சந்தைக் கடையில் தக்காளி நிறுக்கும்போது தராசில் 6.9 வந்தால் அவர் கை நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு பழம் போட்டு, அந்த எண் மாறிய பிறகுதான் பையைக் கட்டுகிறார்.

இன்று காலை யாரோ கதவைத் தட்டினார்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்தாம்மா, தெரிஞ்சிக்கினேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்த் திறந்தார்.

பால்காரர் நின்றிருந்தார்.

அவருக்குத் தெரியாமல் எழுதும்,
உன் அம்மா