நான்கெல்லையில் இருந்தவள்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, வேறு குறை ஒன்றும் இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கொண்டு, முகம் வாடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. உன் மகள் இரண்டாம் வகுப்பில் வாசிப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். வாத்தியாரம்மா என்னை நிறுத்தி வைத்து, உங்க பேத்தி வாசிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம் என்றார், அன்று வீட்டுக்கு வரும் வழியில் கால்வலிகூடத் தெரியவில்லை. நான் எழுதுவதில் பிழை இருந்தால் இந்த ஏழு வயதுக்காரி திருத்துகிறாள். இதையும் திருத்தித் தருகிறேன் என்றாள், இது பெரியவர்கள் கடிதம், போய் விளையாடு என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவையும் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நான் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். தவிர, இது நீ எடுத்து வைத்து மறுபடியும் மறுபடியும் படிக்க வேண்டிய விஷயம்.

நாலு மாதம் முன்னால் நீ கேட்டாயே, என் கொள்ளுப்பாட்டி பெத்த பிள்ளையை நிஜமாவே விட்டுட்டுப் போனவதானாம்மா, தெரிஞ்சு சொல்லு, இல்லேன்னா நான் இந்த வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்று. எதை மனதில் வைத்துக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா. மருமகன் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகும்முன், வெளிநாட்டில் பல் செட் செய்யும் அந்த வேலைக்கு நீ கிளம்பிய அன்று, உன் பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு, வித்துட்டுப் போனவ ரத்தம்தானே, இவளும் பிள்ளையை விட்டுட்டுப் போறா என்று சொன்னாள். நீ திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாய். நானும் அக்கா வாயை அடைக்காமல் நின்றேன், ஏனென்றால் எனக்கும் அந்தக் கதை அப்படித்தான் தெரியும். வெள்ளைக்காரன் ஆட்சியில் என் அம்மாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துபோனார், பெற்றவள் நிலத்தை விற்றுவிட்டுக் கடல் கடந்து போய்விட்டாள், அம்மாவை அவள் பெரியப்பா எடுத்து வளர்த்தார், இவ்வளவுதான் கதை. என் அம்மா சாகும்வரை தன்னைப் பெற்றவளை ஒரு நாள்கூட அம்மா என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த மனுஷிக்கு இருந்த ஒரே பெயர் வித்துட்டுப் போனவ. நிலம் விற்றது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மற்றதையும் உண்மை என்றே வைத்துக்கொண்டோம்.

நீ கேட்டாய் என்பதற்காக, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் என் அம்மா பிறந்த ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நின்றேன். நீளமான அறை, கூரை வரைக்கும் இரும்பு அலமாரி, ஜன்னலோரம் ஒரு பெஞ்சு, அதில் எப்போதும் நாலு பேர் கையில் மனுவோடு உட்கார்ந்திருப்பார்கள். தேடிக் கொடுக்கும் எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறவர். இவரா நூறு வருஷத்துப் பத்திரத்தைத் தேடி எடுக்கப்போகிறார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மூன்று வாரம் போனேன், மூன்று வாரமும், அப்படி ஒரு பேரே இல்லம்மா என்றார். தப்பு என்னுடையதுதான். நான் அவளை, அம்மாவின் பழைய ஜாதகத்தில் இருந்த அவள் சொந்தப் பெயரில் தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்த சாவிக்காரம்மா, அந்த அலமாரிச் சாவியெல்லாம் அவளிடம்தான், சிரித்துக்கொண்டே, ஏம்மா, அந்தக் காலத்துல பொம்பளை பேருக்குத் தனி இடம் ஏது, புருஷன் பேர்ல பாருங்க, அவர் செத்திருந்தா இன்னாரோட விதவைன்னு கடைசிப் பக்கத்துல சொருகியிருப்பாங்க என்றாள். அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. என் தாத்தா பெயரைப் போட்டு அவருடைய விதவை, பொத்தான்காரி என்று எல்லோரும் அழைப்பவள், என்று எழுதியிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துப் பிழைத்திருக்கிறாள், அதுவும் அதிலேயே எழுதியிருந்தது. அவளுக்கு இப்படி ஒரு தொழில் இருந்தது என்றே இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது.

எழுத்தர் பத்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வித்தது நிஜம்தாம்மா, நகல் வேணுமா என்று மூடப் போனார். நான் விடவில்லை. எனக்குத் தாண்டித் தாண்டிப் படிக்கத் தெரியாது, விரலை வைத்து எழுத்துக்கூட்டி மேலிருந்து கீழ் வரைதான் வரும், அதுவும் அந்தக் காலத்துக் கூட்டெழுத்து. அவர், அதெல்லாம் வழக்கமா எழுதறது, யாரும் படிக்க மாட்டாங்க என்றார். யாரும் படிக்காததை நான் படிச்சுட்டுப் போறேன், உங்களுக்கு என்ன நஷ்டம் என்றேன். முதல் பக்கத்திலேயே, நிலத்தை ஏன் விற்கிறேன் என்று எழுதும் இடத்தில், என் குழந்தையை என் கணவரின் தமையனார் தூக்கிக்கொண்டு போய்விட்டபடியால் அவளை மீட்பதற்கு நான் தொடுத்திருக்கும் வழக்கின் செலவுக்காக, என்று இருந்தது மகளே. கீழே அவள் கைநாட்டு. பெருவிரல் ரேகை நடுவில் புள்ளி புள்ளியாக விட்டுப் போயிருந்தது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்துச் சாவிக்காரம்மா, ஊசி குத்தின விரல் அப்படித்தான் விழும், எங்கம்மாவுக்கும் அப்படித்தான் என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் இந்த அம்மா ஏன் அழுகிறாள் என்று பார்த்தார்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன்.

நிலத்துக்கு நாலு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று நான்கெல்லை எழுதுவார்கள் அல்லவா, அதில் வடக்கு எல்லை, நான் விற்காமல் எனக்கென்று நிறுத்திக்கொண்ட ஒற்றை அறை வீடும் கிணறும், என்றிருந்தது. கடல் கடந்து போகிறவள் வீட்டை எதற்கு நிறுத்திக்கொள்கிறாள் என்று எனக்கு ஓடியது. அந்த நிலம் அதன் பிறகு யார் யார் கைக்குப் போனது என்று எல்லாப் பத்திரத்தையும் எடுக்கச் சொன்னேன். எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனாலும் எடுத்தார், நல்ல மனுஷர். ஒருவர் வாங்கியிருக்கிறார், பிள்ளைகள் பாகம் பிரித்திருக்கிறார்கள், இன்னொருவருக்கு விற்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பொத்தான்காரி வீட்டுக்குத் தெற்கு, பொத்தான்காரி வீட்டுக்குத் தெற்கு என்றே எழுதியிருந்தது. பதினேழு வருஷம் அப்படி. அதற்கு அடுத்த பத்திரத்தில்தான் காலஞ்சென்ற பொத்தான்காரி வீட்டுக்குத் தெற்கு என்று வந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வேறு ஊருக்குப் போனது அம்மாவின் பெரியப்பா. போனவர்கள் அவர்கள், இருந்த இடத்திலேயே இருந்தவள் இவள். அவள் பெயருக்கென்று ஒரு பக்கம் இல்லை, அடுத்தவர்கள் பத்திரத்தில் எல்லையாக நின்றிருக்கிறாள்.

அதன் பிறகு கோர்ட்டுப் பழைய கட்டுகளைத் தேட ஆறு வாரம் ஆனது. அங்கே தீர்ப்பெல்லாம் இங்கிலீஷ், எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஒரு வக்கீல் குமாஸ்தா, வயதானவர், டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்று வராந்தாவில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னார். வழக்கு மூன்று வருஷம் நடந்திருக்கிறது. முப்பத்தொரு வாய்தா. முப்பத்தொன்றிலும் இவள் ஆஜர். அந்தப் பெரியப்பா பத்தொன்பது தடவை வரவேயில்லை, காய்ச்சல், ரயில் தவறியது, வயிற்றுவலி என்று மனுப் போட்டிருக்கிறார். குமாஸ்தா, இந்த மனுஷனுக்கு வராத நோயே இல்லை போலிருக்கே என்றார், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலத்தை விற்றவள் இந்த வீட்டை மட்டும் ஏன் விற்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலும் எழுதியிருக்கிறது. குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார், பிள்ளைக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான், திரும்பி வந்தா அடையாளம் தெரிய வேணாமா. கடைசியில் ஜட்ஜ் துரை குழந்தையைத் தன் அறைக்கு வரவழைத்துக் கேட்டிருக்கிறார். அந்த ஆறு வயதுக் குழந்தைதான் உன் பாட்டி. எங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறாள். பெற்றவள் கதவுக்கு வெளியே நின்றிருப்பாள். நிலம் இல்லாதவள், ஊசியை நம்பிப் பிழைப்பவள், குழந்தை பெரியப்பாவிடமே வளரட்டும் என்று தீர்ப்பு. குழந்தைக்காக நிலத்தை விற்றாள், நிலம் இல்லை என்று குழந்தையைக் கொடுக்கவில்லை. குமாஸ்தா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். டீ ஆறிப்போனது.

நகல்களை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நீ அங்கே ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறாய், உன் பெரியம்மாவோ சண்டை போடுவதென்றால் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். அன்றும் கழற்றிவிட்டு, செத்துப்போனவளுக்கு இப்ப நீ வக்கீலா, அஞ்சாங்கிளாஸ் வக்கீல் என்றாள். ஆமா, ஃபீஸ் கிடையாது, கேளு என்று நான் பாட்டுக்குப் படிக்க ஆரம்பித்தேன். குழந்தையை மீட்பதற்கு என்ற இடம் வந்ததும் அவள் கை முந்தானையைத் திருகுவதை நிறுத்தியது. முழுதும் படித்து முடித்த பிறகு, முப்பத்தொரு தடவையுமா போனா, ஒரு தடவைகூடத் தவறலையா என்றாள். தவறலை என்றேன். நம்ம அம்மாவுக்குத் தெரியாமயே போச்சேடி என்று சொல்லி அழுதாள், எண்பது வயதில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு பல்லை எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உன் மகளுக்கு எழுது, நான் சொல்றபடியே எழுது என்றாள். எழுதுகிறேன். அன்னிக்கு வாசல்ல நான் சொன்னது தப்பு. வித்தது நிஜம், போனது பொய். பாதியைக் கேட்டுட்டு மீதியை நானே தச்சுக்கிட்டேன். நீ யார் ரத்தம்னு இப்பவும் சொல்றேன், பெருமையாச் சொல்றேன். போன்ல பேச எனக்கு மூஞ்சி இல்லை, நீ வரும்போது நேர்ல பேசறேன், வந்துடு. இதுதான் உன் பெரியம்மா சொன்னது, ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கோபிக்காமல் படி. போன மாசம் நீ ரெண்டு வாரம் போன் செய்யவில்லையே, இரட்டை ஷிப்டு என்று பிறகு சொன்னாய், அப்போது உன் மகள் அம்மா ஏன் பேசவில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால்வலி, பாலும் பொங்கி வழிந்துவிட்டது, அந்த எரிச்சலில், உங்கம்மாவுக்கு நம்ம நினைப்பு எங்க இருக்கப்போகுது என்று சொல்லிவிட்டேன். சும்மா வாயில் வந்த வார்த்தை. அடுத்த தடவை நீ கூப்பிட்டபோது அவள் போனுக்கு வரவில்லை, விளையாட்டு மும்முரம் என்று நான் சொன்னேன், நீயும் நம்பினாய். விளையாட்டு இல்லை மகளே, நான் சொன்னதுதான். கோர்ட்டுக் காகிதத்தில் அந்த ஆறு வயதுக் குழந்தையின் வார்த்தையைக் கேட்டபோது நான் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. அந்த வீட்டிலும் யாரோ ஒருத்தி அடுப்படியில் நின்று எரிச்சலில் இப்படித்தான் ஆரம்பித்திருப்பாள். அன்று சாயங்காலமே உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டி சொன்னது பொய், உங்கம்மா உனக்காகத்தான் அங்கே இருக்கா, உன்னை விட்டுட்டுப் போகலை என்று சொன்னேன். பொத்தான்காரி கதையையும் சொன்னேன். அந்தக் கிணத்துல தண்ணி இருந்துச்சா பாட்டி என்று கேட்டாள். இருந்திருக்கும் என்றேன். அப்புறம், எங்கம்மா வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றாள். உன் கடித உறையை எடுத்துக் கையில் கொடுத்தேன். மூன்றே நாளில் கதவு எண், மாடி, தெரு, அஞ்சல் எண் அத்தனையும் மனப்பாடம்.

வேலையை விட்டு வருவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் இழுக்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன். ஆனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் என்ற பயத்தில் வராதே, அது உன் மேல் ஒட்டாத பழி. வருவதானால் வர ஆசையாக இருக்கிறது என்று வா. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் புது வருஷப் படிவம் கொடுத்தார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். தாய் என்ற இடத்துக்கு வந்ததும் அலுவலகத்தில் இருந்தவர், வெளிநாடுன்னு போட்டாப் போதும் பாட்டி, இடம் சின்னது என்றார். போதாது தம்பி என்று சொல்லிப் பேனாவை உன் மகளிடம் கொடுத்தேன். அவள் உன் பெயரை எழுதி, முழு விலாசத்தையும் பார்க்காமல் எழுதினாள், கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறி, மடங்கி, அப்பா பெயருக்குப் பக்கம் வரைக்கும் போய் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி மற்றப் படிவக் கட்டோடு சேர்த்தார்.

நீ நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும், கை வைத்ததெல்லாம் துலங்க வேண்டும், உன் பிள்ளை உன் கண்ணெதிரில் வளர்ந்து ஆளாக வேண்டும் என்று வாழ்த்துகிறேன். நகல்களைத் தனியாக அனுப்புகிறேன், மடிக்காமல் வை, பழைய காகிதத்தின் எழுத்து மடிப்பில்தான் முதலில் போகும். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கூப்பிடு, முதலில் அவளிடம் பேசு, மிச்சம் இருந்தால் என்னிடம் பேசு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா