பதினேழாம் இலக்க ஸ்பானர்

உப்புவெளி,
திருகோணமலை.
14.09.1980

அன்பு மகன் சிவநேசனுக்கு,

கோணேசர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், கடல் கடந்து இருக்கும் உன்னுடைய சுகத்துக்கும் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடிதமும் போட்டோவும் போன கிழமை கிடைத்தன. அம்மா போட்டோவை அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்துவிட்டு, பிள்ளை மெலிந்து போனான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறா. அவவின் முழங்கால் வலி முந்தியை விடப் பரவாயில்லை. அக்கா குணேஸ்வரிக்கு அவ இருக்கும் கிளிவெட்டியிலேயே படிப்பிக்க மாற்றம் கிடைத்துவிட்டது, இனிப் பஸ்ஸுக்கு ஓடத் தேவையில்லை. பஹ்ரைன் வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. தண்ணீர் நிறையக் குடி.

போட்டோவில் உன் கையில் இருக்கும் ஸ்பானரைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா தந்தது, தொழிலுக்குக் கை பழகியது இதில்தான் என்று பட்டறையில் உன் மேலதிகாரியிடம் காட்டினாயாம், அவர் கையில் வாங்கிப் பார்த்து மெச்சினாராம். மகன், அதை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லி மறைக்க இனி ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

சீனக்குடா விமானப்படை முகாமிலிருந்து ஒரு இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நான் மெக்கானிக்காக நின்ற சண்டை விமானப் பிரிவுக்கு ஒரு விழா வருகிறதாம், நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். பழைய பதிவேடுகளைக் கறையான் தின்றுவிட்டது, ஆரம்பத்திலிருந்து நின்றவர் நீங்கள்தான், பிரிவின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் ஜெட் விமானங்கள் வந்தது, அவற்றின் இரைச்சலில் சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, பிறகு காசில்லை என்று அவற்றைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி வைத்தது, எழுபத்தொன்றில் அரசாங்கத்துக்கு எதிராகச் சேகுவேராக் கலவரம் வந்ததும் மூன்று நாள் கண் மூடாமல் நின்று திரும்பப் பறக்க வைத்தது, எல்லாம் எழுதினேன். அந்த விமானங்கள் எங்கே போய் எதைப் போட்டுவிட்டு வந்தன என்பதைக்கூட எழுதினேன். அறுபத்தேழாம் ஆண்டுக்கு வந்தபோதுதான் எழுத்து ஓடவில்லை. அந்தப் பக்கத்தை நாலு தரம் கிழித்துப் போட்டேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு டூல்ஸ் பலகை இருந்தது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவம் சிவப்புப் பெயின்டில் கீறியிருக்கும், இலக்கமும் இருக்கும். வேலை முடிந்தால் எல்லாம் அதனதன் உருவத்தில் தொங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு விமானமும் எழும்பாது, ஏனென்றால் அது என்ஜினுக்குள் கிடந்தால் ஒரு உயிர் போகும். இதை உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தப் பலகைக்குப் பொறுப்பு கிண்ணியா ஆதம்பாவா. வெள்ளிக்கிழமையில் அவர் பாதைப் படகில் ஏறி அக்கரைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பச் சுணங்கும், அவருக்காக நான் எண்ணிவிடுவேன். எங்களுடைய தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் என் வேலையைப் பார்ப்பார். சட்டத்தில் அப்படி இல்லை, எங்களுக்குள் இருந்த நம்பிக்கை அது.

அறுபத்தேழில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் நான் எண்ணினேன். எண்ணிவிட்டுப் பதினேழாம் இலக்கத்தை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டேன். உன் சைக்கிளின் பின்சில்லு ஆடியது, நீ திங்களன்று சோதனை எழுத டவுனுக்குப் போகவேண்டும், திங்கள் காலையில் திரும்ப வைத்துவிடலாம்தானே என்ற எண்ணம். ஆதம்பாவா வந்து, எல்லாம் சரியோ என்று கேட்டார். ஓம் என்றேன். பலகையை நிமிர்ந்தும் பாராமல், என் வாயை நம்பிக் கணக்குக் கொப்பியில் கையெழுத்து வைத்தார்.

திங்கள் காலையில் நீ ஸ்பானரைச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போய்விட்டாய். உன்மேல் ஒரு பிழையும் இல்லை, உனக்கு என்ன தெரியும். நான் போய்ச் சேர முன்பே பலகையில் வெற்றிடத்தைக் கண்டுவிட்டார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். நாலு விமானத்தையும் பிரித்துத் தேடினார்கள், நானும் சேர்ந்து தேடினேன் மகன், இல்லாத இடத்தில் குனிந்து குனிந்து தேடினேன். கையெழுத்து யாருடையது என்று அதிகாரி கத்தினபோது ஆதம்பாவா என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். என்னுடையது சேர், என்று சொன்னார். அவ்வளவுதான். அடுத்த நாள் அவரைக் கள்ளன் என்று எழுதி வேலையால் நிற்பாட்டினார்கள். அன்று பின்னேரம் நான் ஸ்பானரை எடுத்து அரத்தால் இலக்கத்தைத் தேய்த்தேன். பிடியில் ஏன் ஒரு இடம் பள்ளமாக இருக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய், பழசு என்றேன். எழுபத்தொன்றில் பழைய ஆட்களை எல்லாம் கூப்பிட்டபோதும் அவரைக் கூப்பிடவில்லை, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்று கிண்ணியாவுக்குப் போனேன். கண் மங்கிப்போய் வாசலில் கதிரை போட்டு இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார், குரலில்தான் என்னை மட்டுக்கட்டினார். அவருடைய மனைவி றுக்கியா தேத்தண்ணி தந்தா, குடிக்காமல் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன், வெட்கப்படவில்லை. அவர் கை வேலையை நிற்பாட்டாமலே, எனக்கு அண்டைக்கே தெரியும் கனகசுந்தரத்தார் என்றார். வேலையால் நிற்பாட்டின அன்றே தனக்காக ஒரு சொல் சொல்லச் சொல்லி என்னைக் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் இல்லை. நீ முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாயாம், அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அப்பா கொண்டுவந்து தந்தது மாமா என்று ஸ்பானரை நீட்டிக் காட்டினாயாம். இலக்கம் அப்போது அழியவில்லை. பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டேன். புள்ள அவ்வளவு சந்தோசமாக் காட்டினான், அவன்ட கையால வாங்கி அவன்ட வாப்பாவக் கள்ளனாக்க எனக்கு மனம் வரல்ல, எனக்கும் புள்ளைகள் இருக்கிதானே, நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன், என்றார். பதின்மூன்று வருஷம் பார்த்திருக்கிறார்.

அறுபத்தேழாம் ஆண்டை இப்போது உள்ளபடி எழுதிவிட்டேன், எடுத்தவன் பெயரையும் போட்டு. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். மலரில் போடுவார்களோ கிழித்து எறிவார்களோ தெரியாது, ஆனால் கொடுத்தே தீருவேன். கிண்ணியா போக முன்பே அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகச் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடுகிறா. நீயும் கோபித்தால் அது நியாயம்தான்.

அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. என்னுடையதை, மனம் வந்தால் வாங்கிக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. மார்கழி லீவுக்கு வரும்போது அந்த ஸ்பானரைக் கொண்டு வா, தபாலில் போடாதே, நீயே பாதையேறிப் போய் ஆதம்பாவாவின் கையில் கொடு. நேற்று நான் எழும்பி வரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புள்ள அண்டைக்குச் சோதனை பாஸ் பண்ணினவனா என்று கேட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. கனகசுந்தரம்