அம்மாவுக்கு ஒரு காவல் பெட்டி

ஜனவரி 20, செவ்வாய்

எழுந்ததும் முதலில் வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளைப் பார்த்தேன். போட்டபடியே இருந்தது. அப்புறம்தான் முகம் கழுவினேன். போன வாரம் அம்மா விடியற்காலையில் நைட்டியோடு பஜார் ரோடு வரை போய்விட்டாள். சுக்கு மூட்டை இறக்குகிறவர்கள் அவளை ஒரு கடை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள்.

பார்சல் வந்தது. டொரோண்டோவிலிருந்து தம்பி ரோஹன் ஆர்டர் செய்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. கேமராக்களைப் பொங்கலுக்கு முன்பே எலெக்ட்ரீஷியன் மாட்டிவிட்டான். இந்தப் பெட்டியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு அவற்றோடு சேர்த்துவிட்டால், அம்மா எழுந்து நடந்தால் போதும், என் போனிலும் ரோஹன் போனிலும் மணி அடிக்கும்.

“பென்டிரைவைக் குத்தணும், பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். நீ எம்.எஸ்சி. ஆக்கும் அக்கா. ஒனக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்றான் போனில்.

நான் ஆலுவா ஆபீஸை விட்டு மூன்று வருஷம். அங்கிருந்து நேற்று வசந்தி கூப்பிட்டாள். என் பழைய இடம் மறுபடி காலியாம், இரண்டாம் தேதி சேர வேண்டுமாம். “இன்னும் எத்தன நாளைக்கு உன் சீட்டுல நான் துண்டு போட்டு வைக்கிறது?” என்றாள்.

சுள்ளிக்கல்லில் முதியவர்களுக்கு ஒரு பகல்வீடு இருக்கிறது, காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டி வரலாம் என்று ரோஹனிடம் சொல்லிப் பார்த்தேன். “அம்மாவைக் கொண்டு தள்ளிட்டான்னு நாலு பேர் சொல்லுவா. அதுக்காகத்தானே இதை வாங்கி அனுப்பினேன்?”

ஆக, இந்தப் பெட்டி ஓடினால் நான் வேலைக்குப் போகலாம். ஓடாவிட்டால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

ஜனவரி 22, வியாழன்

ஓடவில்லை.

பெட்டியை டிவியோடு இணைத்து, பென்டிரைவைச் செருகி, ஊசித் துளைக்குள் இருந்த பட்டனை ஊக்கால் அமுக்கியபடியே சுவிட்சைப் போட்டேன். டிவி கறுப்பாகவே இருந்தது. ஊக்கு வளைந்ததுதான் மிச்சம். அம்மாவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படித்த பிறகே புரிந்தது: நான் நெட்டிலிருந்து பென்டிரைவில் இறக்கியது சாதாரணக் கம்ப்யூட்டருக்கான கோப்பு. இந்தப் பெட்டிக்குள் இருப்பது போனில் இருக்கும் ஜாதிச் சிப், ஏ.ஆர்.எம். அதற்கான கோப்பு வேறு. பெரும்பாலானோருக்கு இது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

“படிச்சுப் பாக்க மாட்டாயா அக்கா?” — ரோஹன்.

ஜனவரி 24, சனி

சரியான கோப்பு. டிவியில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓட ஆரம்பித்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“இது என்ன சீரியல்?”

“லினக்ஸ்.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாவம், ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்கறா.”

சிரித்துவிட்டேன். எப்போது கடைசியாகச் சிரித்தேன்?

பாதியில் பென்டிரைவின் விளக்கு மங்கி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே இடம். நான் கொடுத்திருந்தது போன் சார்ஜர். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் அந்தக் கரண்டு இதற்குப் போதாது. அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு பேலஸ் ரோடு கடைக்குப் போனேன். கடைக்காரன் அடாப்டரைத் தேடிக்கொண்டே, வீட்டில் இதையெல்லாம் செய்வது யார், மகனா என்று மலையாளத்தில் கேட்டான்:

“சேச்சி, இதொக்கெ வீட்டில் ஆராணு செய்யுந்நது? மோனோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “இவளுக்கு மோனா? கல்யாணமே கழியலை!”

அவன் தலையைக் குனிந்து பில் எழுதினான். அம்மாவுக்கு இன்றைய தேதி மறந்துபோகிறது, மாத்திரை மறந்துபோகிறது. இது மட்டும் ஏன் மறக்க மாட்டேன் என்கிறது?

ஜனவரி 27, செவ்வாய்

ஓடுகிறது. பென்டிரைவிலிருந்தே முழுசாக எழுந்து நின்றது. உள்ளே நிரந்தரமாகப் போடச் சொன்னபோது, பெட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. என்னிடம் யாராவது சம்மதம் கேட்டு எத்தனை காலமாயிற்று. ‘ஆம்’ அடித்தேன். முடிந்ததும் பென்டிரைவை உருவிவிட்டுப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தானாக எழுந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கேமராக்களிலிருந்து படம் வந்தது. டிவியில் நான்கு சதுரம்: கூடம், அம்மா அறை, சமையலறை, வாசல் நடை. ‘ஆள் நடமாட்டம்’ என்று பெட்டி பிடித்து வைத்தவற்றைத் திறந்து பார்த்தேன். அம்மா இரண்டோ மூன்றோ. மீதியெல்லாம் நான். மேலிருந்து தெரிகிறேன் — வகிடு அகன்று, கையில் காலி டம்ளரோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அசையவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். ஓரத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஜனவரி 28, புதன்

இன்று சமையலறையில் நின்றபோதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 29, வியாழன்

ஒத்திகை. கேஸை மூடினேன், வாசலைப் பூட்டினேன், வாட்டர் மெட்ரோ ஜெட்டிக்கு நடந்தேன். ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படகு வந்து போயிற்று.

அம்மா எழுந்தாள். மணி அடித்தது. கூடத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். “ஸுப்ரியா...” போனில் அது ரொம்பச் சின்னக் குரலாகக் கேட்டது. சமையலறை. மறுபடி கூடம். பேசும் பட்டனை அமுக்கினேன், ரோஹன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

“அம்மா, பயப்படாதே. இதோ வந்துண்டே இருக்கேன்.”

அவள் நின்றாள். மேலே பார்த்தாள், அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். வேகவேகமாக, மூச்சு வாங்க. என்னைத் தேடுகிறாள் என்று புரிந்தபோது நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன். ஓடும்போதும் கையிலிருந்த போனில் அது தெரிந்துகொண்டே இருந்தது. பார்த்து என்ன பண்ண? என்ன பண்ண முடிந்தது என்னால்?

புடவைக் குவியலில் உட்கார்ந்திருந்தாள். என் தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். “பீரோவுக்குள்ளே மாட்டிண்டுட்டாய்னு நெனச்சேன் கொழந்தே. கதவு தொறக்க வரலை.”

ரோஹன் கூப்பிட்டான். அவனும் பார்த்திருக்கிறான். “அக்கா, சூப்பர்! ஒரு செகண்ட் லேட் ஆகலை. வாய்ஸ்கூட க்ளியரா வரது.”

“அம்மா அழுதாடா.”

“ரெண்டு நாள்ல பழகிப்பா.”

ஜனவரி 31, சனி

ரோஹன் அங்கே தூங்கும் நேரமாகப் பார்த்து அம்மாவைச் சுள்ளிக்கல் கூட்டிப்போனேன். பழைய ஓட்டு வீடு, டெட்டால் வாசனை, டிவி முன்னால் வரிசையாகத் தலைகள். திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அங்கே வேலை செய்யும் இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். “வாங்க பாட்டி, கேரம் ஆடுவமா?”

“பாட்டியா? நான் டீச்சராக்கும்.”

“சரி டீச்சர். தோத்தா இம்போசிஷன் எழுதச் சொல்லப்பிடாது.”

ஒரு மணி நேரம் வெளியே தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது.

“அழுதாங்கக்கா, பொய் சொல்ல மாட்டேன். கேக்கும்போதெல்லாம் வருவா வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றாள் இசக்கிசெல்வி. அம்மா அவள் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். வீட்டிலும் அழுதாள், இங்கேயும் அழுதாள். ஆனால் இங்கே பீரோவைத் திறக்கவில்லை.

திங்கள் முதலே இடம் உண்டு, இன்று மாலைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். ஆட்டோவில் அம்மா என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

“நாளைக்கு நீ நிம்மதியா போய்ட்டு வா அக்கா. நான் அம்மாவைப் பாத்துண்டே இருப்பேன்” என்றான் ரோஹன். சரி என்றேன். வசந்தியிடமும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பகல்வீட்டுக்கு நேற்று மாலையே போன் செய்து, இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது இவர்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும்தான். மாற்றுப் புடவை, மாத்திரை, கண்ணாடிக் கூடு — பையைக் குளியலறையில் வைத்துக் கட்டினேன். அங்கே மட்டும் கேமரா இல்லை.

பெட்டியை அணைக்க மாட்டேன். ஓடட்டும். காலையில் நாங்கள் கிளம்பின பிறகு ரோஹன் திறந்து பார்ப்பான். நான்கு சதுரத்திலும் வீடு மட்டும் இருக்கும்.