கொய்யாக் கிளையில் ஒரு தொட்டில்

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள்.

அடி அண்ணாமலைத் தோட்டத்தில் கொய்யா மொட்டு விட்டுவிட்டது. நிறையப் பூக்கட்டும் என்று வளைத்துத் தரையோடு கட்டியிருந்த கிளைகளை அவிழ்க்க இன்று அப்பாவுடன் போனேன். கிரிவலப் பாதையோரம் இருந்த செடி முழுக்க மஞ்சள் கயிறு. நேற்று மலை சுற்ற வந்தவர்கள் கட்டியது.

"செடி மலையப் பாத்து கும்பிடுதுன்னு நெனச்சிட்டாங்க போல. நம்ம கட்டுன கயித்து மேலயே வேண்டுதல் கட்டியிருக்காங்க பாரு," என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தபடியே எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன்.

ஒரு கிளையில் மட்டும் சின்னத் துணித் தொட்டில். அக்காவின் பச்சைப் புடவைத் துணி. நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் குழந்தை இல்லாததை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சின்ன வயதில் அவள்தான் கிளையை வளைத்துப் பிடிப்பாள், அப்பா கட்டுவார். எதற்காக வளைக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கட்டியிருக்கிறாள்.

கத்தரியோடு நின்றேன். அப்பா வந்து துணியைப் பார்த்தார்.

"அத வுட்டுடும்மா. அந்தக் கிளை இன்னும் மொட்டு வுடல."

விட்டிருந்தது. அந்தச் செடியிலேயே அதில்தான் ஜாஸ்தி.