நாக்கில் நிற்காத எழுத்து

மார்ச் 4
ஞானப்பல்லைப் பிடுங்கியாயிற்று. முளைத்தபோது வராத ஞானம் போகும்போதாவது வந்திருக்கலாம். மரத்த வாயோடு கிடக்கிறேன். "அப்பாடா, இன்னிக்காவது வீடு அமைதியா இருக்கு" என்கிறார் கணவர். இருக்கட்டும், வாய் சரியாகட்டும், வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5
நாக்கின் வலப்பாதி இன்னும் மரத்தே கிடக்கிறது. ஊசி இவ்வளவு நேரமா நிற்கும்?

மார்ச் 6
ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். "அடியே, வாயெல்லாம் ரத்தம்!" என்று கணவர் அலறினார். ரொட்டியோடு நாக்கையும் சேர்த்துக் கடித்திருக்கிறேன். ஐயோ, எனக்குத் தெரியவே இல்லையே!

பல் டாக்டர் சொன்னார்: "நாக்குக்குப் போற நரம்பு அடிபட்டிருக்கும்மா. பெரும்பாலும் சரியாயிடும். மாசக்கணக்காகலாம்."

பெரும்பாலும் என்றால்?

மார்ச் 9
கண்ணாடி முன் நின்று "மழை" என்றேன். "மலை" என்று வந்தது. மறுபடியும் மலைதான். வானொலியில் செய்தி வாசிக்கிறவள் நான். இந்த ழகரத்துக்காகவே என்னை எடுத்தார்கள். தலையில் இடி விழுந்ததுபோல் உட்கார்ந்துவிட்டேன். நாளை வேலைக்குப் போக வேண்டும். சொன்னால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

மார்ச் 10
சொல்லவில்லை. வீக்கம் என்று சமாளித்தேன். வாசிக்கும் முன் ழ வரும் இடத்தையெல்லாம் மாற்றினேன். கனமழைக்கு "வானம் கொட்டித் தீர்த்தது". குழந்தைகள் சிறுவர் சிறுமியர் ஆனார்கள். "என்னம்மா, செய்தி ஒரே இலக்கியமா இருக்கு" என்று சிரித்தார் செய்தி ஆசிரியர். தப்பித்தேன்.

மார்ச் 13
என்ன காரியம் பண்ணிட்டேன், பாவி!

வாசித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டு வந்தது. படகு கவிழ்ந்து ஏழு பேர் பலி. கவிழ்ந்ததை விபத்து என்று மாற்றிவிட்டேன். ஏழு — அதற்கு மாற்றுச் சொல் எங்கே போய்த் தேடுவேன்? "ஆறு பேர்" என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் நிலையத்துக்கு ஒரு பெண்ணின் போன்.

"என் வீட்டுக்காரரும் அந்தப் படகுலதாங்க போனாரு. மொத்தம் ஏழு பேரு. ஆறுன்னு சொன்னீங்களே... பொழச்சது யாருங்க?"



"யாரும் இல்லம்மா. நான்தான் தப்பா வாசிச்சிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.  "திருத்தத்தை வேற யாராவது வாசிக்கட்டும்" என்றார். விடவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

"திருத்தம். படகு விபத்தில் இறந்தவர்கள் ஏலு பேர்."

எல்லாரும் கேட்டார்கள்.

மார்ச் 16
செய்தி எழுதும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் வந்தன. அந்தப் பெண்ணின் புருஷன் இதில் யாரென்று தெரியாது, பெயரைக் கேட்காமல் விட்டேன். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, வாசிக்கப் போகிறவளிடம் கொடுத்தேன்.