பொந்தை அடைத்தவன்

அன்பு ஹுல்காருக்கு, மாஸ்கோவிலிருந்து உன் நோர்மத்தின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு வீட்டுச் சுவரில் இருந்த பொந்தைச் சிமெண்ட் பூசி அடைத்தேன். சற்று நேரத்தில் ஒரு பட்டாணிக் குருவி பச்சைப் புழுவைக் கவ்வியபடி வந்து, அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறந்தது. பதறிப்போய்ப் பூச்சைப் பெயர்த்தேன். உள்ளே அடைகாத்திருந்த பெட்டை எட்டிப் பார்த்து, குஞ்சைப் போலச் சிறகை உதறி வாய் திறந்தது. ஆண் அந்தப் புழுவை ஊட்டியது.

கூட வேலை செய்யும் எஷ்கபில் சிரித்தான்: "பாத்தியாடா, குருவிகூடப் பொண்டாட்டிக்கு ஊட்டுது. நீ மூணு வருஷமா போன்லயே 'சாப்டியா, சாப்டியா'ன்னு கேட்டுக்கிட்டு இருக்க!"

நானும் சிரித்தேன். ஆனால் அப்புறம் சோறு இறங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்றிருந்தேன் அல்லவா? அடுத்த குளிர்காலத்துக்கும் இங்கேயே வேலைக்கு இருப்பதாக மேஸ்திரியிடம் தலையாட்டிவிட்டேன். போனில் சொல்ல நா எழவில்லை. யாராவது வந்தால் கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பு.

புறப்பட்ட அன்று நான் ஒரு வாய் கடித்த ரொட்டியை, நம் ஊர் வழக்கப்படி, மீதியைத் தின்னத் திரும்பி வருவேன் என்று ஆணியில் மாட்டினாயே, அதை எலிக்கு எட்டாதபடி இன்னும் கொஞ்சம் உயரத்தில் மாட்டு.

கூப்பிடுகிறார்கள்.

நோர்மத்